பச்சைப் பொத்தானை நோக்கி ஒரு சொட்டுச் சந்தனம்

சத்தியம், சத்தியம், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்கிறேன், சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யானாலும் என் பல்செட்டு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குள் விழட்டும், என் போன் ஆயுசுக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் போகட்டும். சிங்காநல்லூரில் கிரைண்டர் கடை வைத்திருக்கும் வெள்ளிங்கிரி, ஆயுத பூஜை அன்று பகலில், தன் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாமி படத்தின்மேல் சாய்த்து வைத்த தன் போனின் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சந்தனம் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது அவ்வளவுதான். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவனுக்கு, நரைத்த மீசைக்காரர் ஒருவர் பக்தியில் உறைந்துபோய் உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்திருக்கும். பக்தியுமில்லை, ஒன்றுமில்லை. மனுஷனுக்குள் ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மண்டைக்குள் நடந்தது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது.

கொஞ்சம் கெட்டியாகக் கரைத்திருக்கலாம் அக்கா என்று அவர் நினைத்தார், பன்னீரைப் பாதிப் பாட்டில் ஊற்றிவிட்டால் சந்தனம் எப்படி நிற்கும், பொட்டு என்றால் வைத்த இடத்தில் நிற்க வேண்டாமா, இது மோர் மாதிரி வழிகிறது. அக்கா பாவாத்தாளிடம் அதைச் சொல்ல முடியாது. அவளிடம் எதையுமே சொல்ல முடிந்ததில்லை. காலையில் கூடத்து ஓரமாக நின்று, ஒரு செய்தியைத் தட்டி முடித்து, அனுப்பலாமா வேண்டாமா என்று விரலைக் காற்றில் நிறுத்திக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து வந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "கொண்டா இங்க. இதுக்குத்தான் மொதல்ல பொட்டு வெக்கோணும். பொழுதன்னிக்கும் உன்ற கையில இருக்கறது இதுதானே? கிரைண்டரை நீ தொட்டு எத்தனை நாளாச்சு?" கடைப் பையன்கள் கொண்டுவந்து வைத்த ஸ்பேனர், அக்காவின் தையல் மெஷின், அருவாமனை, தராசு, எல்லாவற்றுக்கும் நடுவில், மாப்பிள்ளையை உட்கார வைப்பதுபோல் போனை உட்கார வைத்து, நெற்றியில், அதாவது கண்ணாடியின் உச்சியில், ஒரு பெரிய சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். பூஜையும் முடிந்துவிட்டது. நாளைக்குக் காலையில் மறுபூஜை போட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும், அதுவரைக்கும் ஆயுதத்தில் கை படக்கூடாது. "விளக்கு அணையாமப் பாத்துக்க, நான் சுண்டலை எறக்கிட்டு வர்றேன்" என்று சமையலறைக்குள் போனவள் இன்னும் வரவில்லை. விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. போன் அணையாமல் இருக்கிறதே, அதைப் பார்க்கிறார், மற்ற நாளில் கண்ணை இமைத்தால் போதும், இருட்டாகிவிடும் கண்ணாடி, இன்றைக்கு அணைய மாட்டேன் என்கிறது, ஏன், ஓ, சந்தனம், ஈரச் சந்தனம் தொட்டுக்கொண்டே இருக்கிறது, யாரோ தன்னைத் தொடுவதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம், தொடுகிறவரை விழித்திருக்கும், எப்பேர்ப்பட்ட சாதனம், மனுஷர்களில் எத்தனை பேருக்கு இது உண்டு. கண்ணாடியின் கீழே, கீபோர்டுக்கு மேல், நீளப் பெட்டிக்குள் அந்தச் செய்தி அப்படியே நிற்கிறது, அவர் தட்டியபடி, ஒரு புள்ளிகூடக் குறையாமல். போகாதீங்க. என்னோட இருங்க. பெட்டியை ஒட்டி வலது பக்கம், பச்சையாக, உருண்டையாக, அனுப்புகிற பொத்தான். அடியில் இடது முனை ஒரு ஸ்பேனர்மேல் ஏறி நிற்பதால் போன் வலப்பக்கம் சரிந்திருக்கிறது. சந்தனமும் வலப்பக்கமாகத்தான் வருகிறது.

மரகதம் காலையில் அனுப்பியிருந்தார், இரண்டு வீதி தள்ளி இருக்கிற மரகதம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'பையன் மத்தியானம் கார் எடுத்துட்டு வர்றானுங்க. இந்தத் தடவை பெங்களூருக்கு மொத்தமாக் கூட்டிட்டுப் போறேங்கறான். சாமானெல்லாம் கட்டச் சொல்றான். நீங்க என்ன சொல்றீங்க?' இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம், அண்டை அயலார் கேட்கிற கேள்வியா, கிரைண்டரை என்ன செய்வது, விற்கட்டுமா எடுத்துப் போகட்டுமா என்கிற அர்த்தத்தில் கிரைண்டர் கடைக்காரரைக் கேட்டதா, இல்லை வேறா, வேறு என்றால் எது, நீங்க என்ன சொல்றீங்க என்பதில் நீங்க என்பதை அழுத்திப் படிக்க வேண்டுமா, சொல்றீங்க என்பதையா, எழுத்தில் இதுதான் தொல்லை, குரல் இல்லை. அவர் 'போ' என்று இரண்டே தட்டுத் தட்டினார், கீபோர்டு மேலே மூன்று சொல்லை நீட்டியது. போன், போகும், போகாதீங்க. இந்த ஆயுசில் யாரிடமும் அவர் சொல்லாத சொல் அது. மனைவி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்ணை மூடியபோதுகூட வாயில் வரவில்லை, பக்கத்தில் நர்சு நின்றாள், வெட்கமாக இருந்தது. இந்த எழுத்துப் பலகைக்கு எப்படித் தெரிந்தது? ஆராய்ந்து, சலித்து, கோடி பேர் தட்டியதைக் கூட்டிக் கழித்துச் சொல்கிறது என்பார்கள், இருக்கட்டுமே, கோடி பேர் போகாதீங்க என்று தட்டியிருக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா. ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், போன் வந்து மனுஷனைக் கெடுத்துவிட்டது, குடும்பம் போச்சு, கண் போச்சு, பேச்சுப் போச்சு. அவரும் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். வீதிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு நாள், தலையணைக்கடியில் போனை வைத்துப் படுத்தால் மூளை உருகிக் காது வழியாக வரும் என்று ஒரு செய்தியைத் தள்ளிவிட்டார். அதற்குக் கீழே ஒரு பதில் வந்தது. அதோ, அதே பதில்.

ஆமாம், கண்ணாடியில் அதுதான் தெரிகிறது! சந்தனம் கீழே இறங்க இறங்க, விரலால் இழுத்த மாதிரி, பழைய பேச்சுகளெல்லாம் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. முதலில் போன வாரம், பிறகு ஆடி மாசம், பிறகு போன தீபாவளி, இப்போது எங்கேயோ அடியில் கிடந்த முதல் செய்தி, குழுவில் போட்ட பதிலை மரகதம் தனியாகவும் அவருக்கு ஒரு தடவை அனுப்பியிருந்தார், உறைக்கட்டும் என்று: 'மூளை இருந்தா உருகுமுங்க.' அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யார் இந்தப் பொம்பளை, என்ன வாய், பதில் கொடுக்காமல் விடுவதா என்று ராத்திரி முழுக்க யோசித்து, விடிந்ததும், 'பட்டன் போனுக்கு இருந்த மரியாதை இதுக்கு உண்டுங்களா, கீழே போட்டாத் தரைதான் உடையும்' என்று அனுப்பினார். 'தரையை உடைக்கறதுக்கு உங்களுக்குப் போன் எதுக்குங்க, கடைல ஆட்டுக்கல்லு இருக்குமே' என்று வந்தது. அப்படி ஆரம்பித்தது. பேட்டரியைக் கழற்ற முடியாத போனெல்லாம் ஒரு போனா என்பார் இவர், கழற்றிக் கழற்றி மாட்டித்தானே உங்க பழைய போனுக்கு ரப்பர் பேண்டு போட்டிருந்தீங்க என்பார் அவர். நாலு கேமரா எதற்கு, ஆண்டவன் ரெண்டு கண்தானே கொடுத்தான் என்பார் இவர். நாலு இருந்தும் என்ற பேரன் ஒரு போட்டோலயும் நேரா நிக்கலீங்க, எட்டு வேணும் என்பார் அவர். சண்டை போடுவதற்காகவே வெள்ளிங்கிரி புதுப் போன் வாங்கினார், அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. சந்தனம் இப்போது நின்றுவிட்டது. எங்கே, மரகதம் பேசி அனுப்பிய ஒரு குரல் செய்திக்கு மேலே. அடே, அதை அமுக்கிவிடாதே, அக்கா கேட்டுவிடுவாள், போ, போ கீழே, ஐயோ கீழேயும் போகாதே.

"எண்ணெய் இருக்குதாடா?" உள்ளிருந்து அக்காவின் குரல்.

"இருக்குதுங்கா."

"என்னடா கொரலு ஒரு மாதிரி இருக்குது? தூங்கிட்டயா?"

"சாமி கும்படறனுங்கா."

பொய்யுமில்லை. கும்பிடத்தான் தோன்றுகிறது. அந்தக் குரல் செய்தியை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார், திறக்க வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நாளைப் பற்றி மரகதம் பேசியது. நீள ஹால், வரிசையாகப் பெண்கள், காதில் மாட்டிய கருவி, ஒரு கயிற்றை எடுத்து ஒரு துளையில் சொருகினால் ஈரோட்டுக்காரனுக்கும் மதராஸ்காரனுக்கும் பேச்சு. 'ரெண்டு பேரையும் சேத்தி வெச்சுட்டு நாங்க காதை எடுத்துரோணுமுங்க. அதுதான் வேலையே. சேத்தி வெக்கறது, வெலகிக்கறது. அத்தனாம்பெரிய ஹாலை இப்ப உள்ளங்கைல வெச்சுக் குடுத்துட்டாங்க பாருங்க, அதை நெனச்சா எனக்குப் பொறாமையே வர்றதில்லீங்க, பெருமையாத்தான் இருக்குது. எங்க புள்ளைங்க பெரிய ஆளாயிட்ட மாதிரி.' அந்தப் பெருமை என்ற சொல்லில்தான் வெள்ளிங்கிரி விழுந்தார். தன் வேலையை விழுங்கிய ஒன்றைப் பார்த்துப் பெருமைப்படுகிற மனசு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும். கண்ணாடி எப்படி விரலை அறிகிறது என்றுகூட மரகதம்தான் சொல்லிக் கொடுத்தார், உடம்பில் ஓடுகிற ஒரு சின்ன மின்சாரத்தை அது மோந்து பார்க்கிறதாம், பேனா மூடியால் தட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காதாம். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. அப்படியென்றால் சந்தனத்துக்கு நாடி இருக்கிறதா? ஈரம் இருக்கிறது. ஈரம் இருக்கிறவரை உயிர் என்று கண்ணாடி நம்புகிறது. தனக்கு இந்த வயசில் ஈரம் இருக்கிறதா என்று அதனிடம்தான் கேட்க வேண்டும். கால் மரத்துவிட்டது. மாற்றி உட்காரலாம், உட்கார்ந்தால் பலகை ஆடும், பலகை ஆடினால் போன் ஆடும், சந்தனம் ஓடும். மூச்சைக்கூட அளந்து விடுகிறார். அது மறுபடி நகர்கிறது, சிவப்பும் மஞ்சளுமாக, ஒரு கண்ணீர்த் துளி சேலை கட்டியது போல.

பட்டென்று விழுந்து அனுப்பிவிட்டால்? அனுப்பினால் ஒரு குறி, பிறகு இரண்டு குறி, பிறகு இரண்டும் நீலம். நீலமாகிவிட்டால் மரகதம் படித்துவிட்டார் என்று அர்த்தம். படித்துவிட்டுச் சிரித்தால்? சிரிக்கிற சத்தம் இங்கே கேட்காது, அது ஒரு நன்மை. 'டைப்பிங்' என்று வரும், நிற்கும், மறுபடி வரும், மறுபடி நிற்கும், அந்த டைப்பிங்கைக் கண்டுபிடித்தவன் ஒரு மகா ரசிகன், வாசல் வரைக்கும் வந்துவிட்டுச் செருப்பைக் கழற்றலாமா என்று நிற்கிறவர்களின் காலடிச் சத்தத்தை அப்படியே பிடித்துக் காட்டியிருக்கிறான். அழித்துவிடலாம், அனுப்பியதை அழிக்கவும் வழி உண்டு, ஆனால் அழித்தால் இங்கே ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்று எழுதி வைத்துவிட்டுப் போகும், மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போவது மாதிரி, அதற்கு அனுப்பியதே தேவலை. மரகதத்தின் பையன் பார்த்துவிட்டால்? சஞ்சீவ் நல்ல பையன், சாப்ட்வேர் கம்பெனி, வந்தால் அங்கிள் என்றுதான் கூப்பிடுவான். அம்மாவை அவன் கூப்பிடுவதிலும் தப்பில்லை, தனியாக இருக்கிறாளே என்கிற கவலை, யாருக்கு இல்லை. போன தடவை வந்தபோது என்ன வேலை தம்பி செய்கிறாய் என்று கேட்டார். "ஒரு பட்டன், அங்கிள். அது எங்க இருக்கணும், மூலையை எவ்வளவு வளைக்கணும்னு ஒரு டீமே மூணு மாசம் பேசினோம்." வெள்ளிங்கிரி விழுந்து விழுந்து சிரித்தார். "கிரைண்டர்ல சுவிட்சை எங்க வெச்சாலும் மாவு அரைக்கும் தம்பி!" அவன் முகம் சுருங்கிவிட்டது, மரகதம்தான், "சிரிக்காதீங்க, கை போற எடத்துல சுவிட்சு இருக்கறதுக்கு யாரோ ஒருத்தர் தூக்கம் கெட்டிருக்கோணுமுங்க" என்றார். இப்போது புரிகிறது. இப்போது, இந்தச் சொட்டு வருகிற வழியில், அந்தப் பச்சை உருண்டை ஒரு நெல்லளவு இடப்பக்கம் இருந்திருந்தால் அவர் கதை வேறு, ஒரு நெல்லளவு வலப்பக்கம் போயிருந்தால் வேறு. யாரோ ஒரு பையன் எங்கேயோ உட்கார்ந்து, கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடம் இதுதான் என்று மூன்று மாசம் யோசித்து வைத்திருக்கிறான். வாழ்க அவன். அவன் கட்டைவிரலுக்காக யோசித்தான், சந்தனத்துக்காக யோசிக்கவில்லை.

நேரில் போகலாமே. இரண்டு வீதிதான். எழுந்து, வேட்டியை உதறி, நடந்தால் போய்விடலாம், அதற்கு எந்த மறுபூஜையும் வேண்டாம். போயிருக்கிறார், சித்திரை மாசம் ஒரு சாயங்காலம், இதையே சொல்வதற்காகச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசற்கதவு வரைக்கும் போனார். மரகதம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வாங்க, என்னங்க?" என்றார். "இல்லீங்க, உங்க வீட்டுல சிறுவாணித் தண்ணி வருதுங்களா?" கையில் நீர்க்குழாயோடு நிற்கிற பெண்ணிடம்! "தெரியலீங்க, எதுக்கும் உள்ள போயிப் பாத்துட்டு வர்றேன்" என்று அவர் குழாயைப் பிடித்தபடியே சொன்னார், கண்ணில் அவ்வளவு குறும்பு. வெள்ளிங்கிரி வந்த வழியே திரும்பினார். வாய்க்கும் மனசுக்கும் நடுவே அவருக்கு எந்தக் கயிற்றையும் யாரும் சொருகிவிடவில்லை. விரலுக்கும் மனசுக்கும் நடுவேதான் இந்தக் கண்ணாடி ஒரு வழி போட்டுக் கொடுத்தது. போன் மனுஷனைப் பேசவிடாமல் ஆக்கிவிட்டது என்கிறவர்கள் வெள்ளிங்கிரி மாதிரி ஆட்களைப் பார்த்ததில்லை, போனுக்கு முன்னாலும் அவர் பேசியதில்லை, இப்போதுதான் பேசுகிறார், பொய்யும் சண்டையும் கேலியுமாக, இருபது வயசில் பேசியிருக்க வேண்டியதையெல்லாம். பூஜைக்குப் போனைப் பிடுங்கியபோது கோபம் வந்ததா? இல்லை. அதுதான் அசிங்கம். அப்பாடா என்று இருந்தது. நாளை வரை தொடக்கூடாது, நான் என்ன செய்வேன், சாமி விஷயம், கார் வந்துவிட்டது, மரகதம் போய்விட்டார், என் தப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குத்தான் இங்கே பக்திமானாக உட்கார்ந்திருக்கிறார். சந்தனமாவது அனுப்பட்டும். அனுப்பிவிட்டால் நான் அனுப்பவில்லை. அனுப்பிவிடேன். வேண்டாம். கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பெட்டியின் விளிம்பு, இருங்க என்ற சொல்லின் தலைக்கு மேலே, பச்சையின் விளிம்புக்கு ஒரு மயிரிழை.

நின்றுவிட்டது. ஈரம் தீர்ந்துவிட்டது, விளக்கின் சூடா, மேலே சுற்றுகிற காற்றாடியா, சொட்டின் முனை வெளுத்து, உலர்ந்து, மாவுப் பொருக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது. வெள்ளிங்கிரி காத்திருந்தார். அது இனி வராது. பின்னாலிருந்த கோடும் காய்ந்துகொண்டு வந்தது, கடைசி ஈரமும் போனதும், தன்னைத் தொடுகிறவர் யாருமில்லை என்று கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது, மெல்ல மங்க ஆரம்பித்தது. மங்கினால் அடுத்து இருட்டுதான். இருட்டினால் நாளைக் காலை. எவ்வளவு மரியாதை தெரிந்த சாதனம் என்று அவருக்குத் தோன்றியது, இதுவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, சேர்த்து வைத்துவிட்டு, காதை எடுத்துக்கொண்டு விலகிக்கொள்கிறது, மீதி உன் பாடு என்கிறது. வாசலில் ஏதோ கார் போகிற சத்தம். பெங்களூர்க் காராக இருக்கலாம், பால்காரன் வண்டியாகவும் இருக்கலாம். கையை நீட்டினார். மரத்த காலோடு முன்னால் சாய்ந்ததில் பொரித்தட்டு கவிழ்ந்தது.

"கையை எடுறா!" சுண்டல் சட்டியோடு அக்கா நிலைப்படியில். "பூஜைல இருக்கறதத் தொடாதடா! சாமி குத்தம்டா!"

தொட்டார். பச்சை அமுங்கியது, சின்னதாக ஒரு சத்தம், செய்தி பெட்டியிலிருந்து தாவி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு குறி. இரண்டு. மூச்சு விடுவதற்குள் இரண்டும் நீலம்.

"அறுவது வயசு தாண்டியும் உனக்குப் பொறுக்க முடியலையா? நாளைக்கு வரைக்கும் அந்தக் கருமம் இல்லாம இருக்க முடியாதா? அப்படி யாரு உனக்குக் காத்துட்டு இருக்காங்க?" அக்கா சட்டியை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டைப்பிங் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு பொரிக்கு நடுவே, சந்தனக் கோட்டுக்கு அடியில், பதில் வந்து விழுந்தது. மூக்குக்கண்ணாடி போடாத அக்காவுக்கு எழுத்து தெரியவில்லை, "என்னடா எழுதியிருக்குது, படி" என்றாள். அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்திருந்தால் இப்படி இருந்திருக்கும்:

'ஏனுங்க, நான் என்ற போனைப் பூஜைல வெக்கவே இல்லீங்க. காலைல இருந்து கையிலயேதான் வெச்சிருக்கறேன். பையன் வந்தான்னா சுண்டல் குடுத்து அனுப்பிச்சர்றேன்.'

இவ்வளவுதான். நீங்கள் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், பஸ்ஸில், டீக்கடையில், குழுவில்கூடத் தட்டிவிடுங்கள். யார் சொன்னது என்று பாவாத்தாள் கேட்டால் மட்டும் என் பேரை வாயில் எடுத்துவிடாதீர்கள், யாரோ வழிப்போக்கன் சொன்னான் என்று விட்டுவிடுங்கள். வருஷா வருஷம் அந்த வீட்டுச் சுண்டல் எனக்கு ஒரு பொட்டலம் வருகிறது, அது நிற்கக்கூடாது.